எந்தப் பக்கம் நீ? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இளையோருக்கான இரத்தக்காட்டேரி நாவல்களில் வரும் 'பாதி' பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். காட்டேரிக்கும் மனிதருக்கும் பிறந்தவர்கள், இரண்டு கூட்டத்தாரும் "நீ யார் பக்கம்?" என்று கேட்க, நடுவில் நிற்பவர்கள். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதின்வயதினர் எழுதியவை. இரண்டு இனங்கள், இரண்டு மொழிகள், இரண்டு மதங்கள் சேர்ந்த வீடுகளில் வளரும் பிள்ளைகள் அவர்கள். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அதனால் ஒருவர் பெயரையும் போடவில்லை.

'கலப்பினம்' என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் நான் பயன்படுத்தப் போவதில்லை. அது விதைக்கும் மாட்டுக்கும் சொல்லும் சொல். இருவழிப் பிள்ளைகள் என்று எழுதுகிறேன். நானும் அப்படி ஒருத்திதான்.

கேள்வி (மாணவி, வயது 16): என் அம்மா ஓர் இனம், அப்பா வேறு இனம். முகம் அம்மாவுடையது, நிறம் அப்பாவுடையது. பாதி காட்டேரியாகப் பிறந்த பெண்ணின் கதையைப் படிக்கும்போது யாரோ என்னைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள். பேய்க்கதையில் தன்னைத் தேடுவது தவறா?

இல்லை, மகளே. நீ சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறாய். இந்தக் கதைமரபு வேர்விட்ட காலத்திலேயே உன்னைப் போல ஒரு பெண் அதற்குள் இருக்கிறாள்.

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இல் ஒரு தொகுப்பில் நூலாக வந்தது. 'டிராகுலா' வருவதற்கு 25 ஆண்டுகள் முன்பு. கதையைச் சொல்லும் லாராவின் அப்பா ஆங்கிலேயர். அம்மா ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதிப் பெண். லாரா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டவர். லாராவுக்கு இருப்பது ஆங்கிலப் பெயர். ஆனால் இங்கிலாந்தை அவள் பார்த்ததே இல்லை. காட்டு நடுவே ஒரு கோட்டையில் வாழும் அந்த வீட்டில் பிரெஞ்சும் ஜெர்மனும் புழங்குகின்றன. அப்பாவும் மகளும் தினமும் ஆங்கிலம் பேசிக்கொள்கிறார்கள். தங்களுக்குள் அந்த மொழி செத்துப்போய்விடக் கூடாது என்பது ஒரு காரணம். இந்த வரியை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா தன் மொழியில் என்னிடம் பேசியது இரவில் விளக்கை அணைத்த பிறகு மட்டும்தான். காரணம் அதேதான்.

அந்த வீட்டுக்கு வரும் கார்மில்லா எந்த வழியில் வருகிறாள் என்று கவனித்திருக்கிறாயா? அம்மா வழியில். அம்மாவின் குடும்பச் சொத்தாக வந்த பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து கொண்டுவருகிறார்கள். ஒன்றில் 1698 என்ற ஆண்டும் கார்ன்ஸ்டைன் குடும்பத்தின் பெயரும் தெளிகின்றன. ஓவியத்தில் இருக்கும் முகம் அப்படியே கார்மில்லாவின் முகம். நானும் கார்ன்ஸ்டைன் வழியில் வந்தவள்தான், அதாவது அம்மா வழியில், என்கிறாள் லாரா. நானும் அப்படித்தான் என்று நினைக்கிறேன் என்கிறாள் கார்மில்லா. அந்த ஓவியத்தைத் தன் அறையில் மாட்டிக்கொள்ளலாமா என்று லாரா கேட்கிறாள். தாயைப் பார்த்து வளராத ஒரு பெண், தாய்வழி முகம் ஒன்று சுவரில் வேண்டும் என்று கேட்பதுதான் அந்த நாவலில் என்னை அதிகம் தொட்ட இடம். பயமெல்லாம் அதற்குப் பிறகு. உன் தோழிகளுக்கு அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு.

கேள்வி (கல்லூரி மாணவர்): 'டாம்பிர்' என்ற சொல் நாவலாசிரியர்கள் உண்டாக்கியதா?

பழைய சொல். பால்கன் நாடுகளின் நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தது. குறிப்பாக அங்குள்ள ரோமா மக்களிடம் வழங்கியது. இறந்த கணவன் காட்டேரியாக எழுந்து மனைவியிடம் திரும்பி வருவான், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை டாம்பிர் என்பது நம்பிக்கை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத காட்டேரி அவன் கண்ணுக்குத் தெரியும். ஊரில் காட்டேரித் தொல்லை என்றால் அவனை அழைத்து, கூலி கொடுத்து, அதை அழிக்கச் சொல்வார்கள்.

இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு ஊரில் இடம் உண்டு. ஆனால் தகப்பன் இனத்தைக் கொன்று தரும் வரைதான் அந்த இடம். நவீனக் கதைகளிலும் இந்த நிபந்தனை போகவே இல்லை. 1973-இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் அறிமுகமான பிளேடு காட்டேரி வேட்டைக்காரன்தான். பிரசவ நேரத்தில் தாய் கடிபட்டதால் பாதி காட்டேரியாகப் பிறந்தவன். 1998-இல் வந்த திரைப்படத்தில் அவனுக்குக் காட்டேரியின் பலமெல்லாம் உண்டு, இரத்தத் தாகத்தைத் தவிர பலவீனம் எதுவும் இல்லை, பகலிலும் நடப்பான். 1983-இல் ஜப்பானில் ஹிதேயுகி கிகுச்சி தொடங்கிய நாவல் வரிசையின் நாயகனும் டாம்பிர், தொழிலும் அதேதான்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. இருவழிப் பிள்ளை என்றால் இரண்டு பக்கத்தாரையும் விட வலியவனாக, அழகானவனாக, பயன்படுகிறவனாக இருந்தே ஆக வேண்டுமா? சாதாரணமாகப் படித்து, சாதாரணமாகத் தூங்கி எழும் ஒரு டாம்பிரை எந்த ஊரும் உள்ளே விடாதா? நிஜ வாழ்விலும் எங்களைப் போன்றவர்களிடம், "உங்களுக்கென்ன, இரண்டு மொழி வரும், அழகாகவும் இருப்பீர்கள்" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதிலும் ஒரு கூலிக்கணக்கு ஒளிந்திருக்கிறது.

கேள்வி (வாசகி, வயது 18): 'வாம்பயர் அகாடமி'யின் ரோஸ் தன் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லலாமா? என் அக்கா, அவள் கடைசி வரை அடியாள்தான் என்கிறாள்.

உங்கள் அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதோடு நிற்க முடியாது.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிச்செல் மீட் 2007 முதல் 2010 வரை எழுதிய ஆறு நாவல்கள் அவை. மொரோய் என்பவர்கள் உயிருள்ள, சாகக்கூடிய, மந்திரம் தெரிந்த காட்டேரிகள். ஸ்ட்ரிகோய் சாவைத் தாண்டிய கொடியவர்கள். இரண்டுக்கும் நடுவில், மொரோய்களுக்குக் காவலர்களாகச் சிறு வயதிலிருந்தே பயிற்றுவிக்கப்படும் டாம்பிர்கள். "அவர்களே முதலில்" என்பதுதான் டாம்பிர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். அவர்கள் என்றால் மொரோய்கள். ரோஸ் நான்கு வயதிலிருந்து அந்தப் பள்ளியில் இருக்கிறாள். தாய் காவல் பணிக்குப் போய்விட்டாள். தந்தை யார் என்றே தெரியாது.

ரோஸ் இரண்டு அடுக்கில் இருவழிப் பெண் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டாம்பிர் என்பது ஒன்று. தாய் ஸ்காட்லாந்துக்காரி, தந்தை துருக்கியர் என்பது இன்னொன்று. தந்தையை அவள் சந்திப்பது நான்காவது நாவலில். முதலில் யாரென்று தெரியாமலேயே அவரோடு வாதாடுகிறாள், மிரட்டுகிறாள். பிறகு தெரிகிறது. அந்தப் பகுதியை மீட் மிக நன்றாக எழுதியிருக்கிறார். அத்தனை நாளும் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்த பிடிவாதமும் கோபமும் இன்னொருவர் முகத்திலும் இருப்பதை ஒரு பெண் பார்க்கிறாள்.

அதற்கு முன்பே அவள் தேர்வு நடந்துவிட்டது. பதினெட்டாம் பிறந்த நாளில் பள்ளியை விட்டு வெளியேறி, தான் நேசித்தவனைத் தேடி ரஷ்யாவுக்குப் புறப்படுகிறாள். "அவர்களே முதலில்" என்ற பாடத்துக்கு அன்று முதன்முறையாக மாறு செய்கிறாள். அவள் காவல் காக்க வேண்டிய மொரோய்த் தோழி லிஸ்ஸா அதனால் உடைந்து போகிறாள். பின்னால் ரோஸ் காவல் பணிக்கே திரும்புகிறாள். உங்கள் அக்கா சொல்வது இதைத்தான். ஆனால் வெளியே போகத் தெரிந்தவள் திரும்பி வருவதும், வெளி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் உள்ளேயே இருப்பதும் ஒன்றல்ல. ஐந்தாவது நாவலில் டாம்பிர் பிள்ளைகளைப் பதினாறு வயதிலேயே காவலுக்கு அனுப்பலாம் என்று மொரோய்கள் சட்டம் கொண்டுவரும்போது, அரசவையில் கொதித்தெழுகிறவள் இந்தப் பெண்தான். தன் இனம் எது என்ற கேள்விக்கு ரோஸ் வாயால் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அந்தக் கோபத்தைத்தான் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மாணவர், வயது 14): 'ட்வைலைட்' கதையில் ரெனெஸ்மி ஏன் எதையும் தேர்ந்தெடுப்பதே இல்லை?

அவளுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை, தம்பி. ஸ்டெஃபனி மேயரின் அந்த வரிசையில் 2008-இல் வந்த நான்காவது நாவலில், காட்டேரித் தந்தைக்கும் மனிதத் தாய்க்கும் பிறக்கிறாள். பாட்டிமார் இருவரின் பெயரைச் சேர்த்து அவள் பெயர். தாத்தாமார் இருவரின் பெயரைச் சேர்த்து நடுப்பெயர். ஏழு ஆண்டுகளில் முழு வளர்ச்சி அடைந்துவிடுவாள். அவள் உயிரோடு இருக்கலாமா என்பதைப் பனிவெளியில் கூடிய காட்டேரிப் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். யாரோடு வாழ்வாள் என்பதுகூடப் பிறந்த அன்றே முடிவான மாதிரிதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதே கூட்டத்தில் சாட்சியாக வரும் நஹுவேலை நினைவிருக்கிறதா? தென் அமெரிக்காவிலிருந்து வருபவன், தாய் மனிதப் பெண், தந்தை காட்டேரி, வயது நூற்றைம்பது. தான் பிறந்ததால் தாய் இறந்தாள் என்று அத்தனை ஆண்டுகளும் தன்னையே வெறுத்தவன். தந்தை தேடி வந்து தன்னோடு அழைத்தபோது போக மறுத்து, வளர்த்த சித்தியோடு இருந்துவிட்டான். தேர்வு என்றால் அதுதான். அவனுக்குக் கிடைத்ததோ சில பக்கங்கள்.

அதே கதையில், ஓநாயாக மாறும் குவிலியூட் இளைஞர் கூட்டத்தில் இருக்கும் எம்ப்ரியையும் கொஞ்சம் நினைத்துப் பார். அவன் தாய் மக்கா என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்துப் பெண், கர்ப்பிணியாகக் குவிலியூட் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களிடம் வந்து தங்கியவள். தந்தை அந்த மக்கா மக்களில் ஒருவன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எம்ப்ரி ஓநாயாக மாறிய அன்று, தந்தை இந்த ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் என்பது அம்பலமாகிவிடுகிறது. உடன் ஓடும் நண்பர்களில் ஒருவன் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்கக்கூடும், யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் விருப்பமும் இல்லை. அவன் உடம்பே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எம்ப்ரியைப் பற்றி ஒரு முழு நாவல் வந்திருந்தால் நான் முதல் ஆளாக வாங்கியிருப்பேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): இரண்டு இனப் பெற்றோருக்குப் பிறந்த மனிதக் குழந்தைகளைக் காட்டேரிகளோடு ஒப்பிடுவதே இழிவல்லவா? நீங்கள் இதை ஊக்குவிக்கலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கவலை நியாயமானது.

இரத்தத்தை வைத்து மனிதரை அளந்த சட்டங்கள் கற்பனையில் உண்டானவை அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1924-இல் இனத் தூய்மைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கறுப்பின இரத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவரைக் கறுப்பர் என்றே எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவிட்டார்கள். ஒரு துளி போதும். கடித்த இடத்தில் இறங்கும் ஒரு துளி ஆளையே மாற்றிவிடும் என்ற காட்டேரிக் கதையும் இந்தச் சட்டமும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள் என்று நான் நினைக்கிறேன். வெவ்வேறு இனத்தார் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இல் ரத்து செய்தபோது, இன்னும் 16 மாநிலங்களில் அவை நடைமுறையில் இருந்தன. கணக்கெடுப்புப் படிவத்தில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்றானது 2000-இல்தான். 2020-இல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர். முன்பும் அவர்கள் இருந்தார்கள். குறிக்க இடம்தான் இருக்கவில்லை.

என் பள்ளிப் படிவத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்பது வயதில் அதில் இரண்டு மொழிகளை எழுதினேன். ஆசிரியை ஒன்றை அடிக்கச் சொன்னார். எதை அடிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே ஒன்றை அடித்தார். அடிக்கப்பட்டது அப்பாவின் மொழி. வீட்டுக்குப் போய் நான் அதைச் சொல்லவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு கதை தேவைப்பட்டது. தன் நிலைமை உலகில் முதன்முறையாக நடப்பதல்ல என்று சொல்லும் கதை. எனக்கு அது பதினைந்து வயதில், ஒரு காட்டேரி நாவலாகக் கிடைத்தது. அதனால்தான் ஊக்குவிக்கிறேன்.

ஆனால் உங்கள் எச்சரிக்கை பொருந்தும் இடங்களும் உண்டு. குவிலியூட் என்பது வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற இடத்தில் வாழும் உண்மையான மக்களின் பெயர். ஓநாயிலிருந்து தாங்கள் தோன்றியதாகச் சொல்லும் கதை அவர்களுடையது. காட்டேரிகளோடு சண்டையிடும் ஓநாய் மனிதர்கள் 'ட்வைலைட்' ஆசிரியரின் கற்பனை. இரண்டையும் வாசகர்கள் குழப்பிக்கொண்டதால், சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து உண்மை எது, கதை எது என்று விளக்க வேண்டியதாயிற்று. அவர்களின் நிஜமான கவலை சுனாமி. கடலோரத்திலிருந்து மேட்டு நிலத்துக்குக் குடிபெயர 2012-இல் ஒரு சட்டத்தின் மூலம் நிலம் பெற்றார்கள். கற்பனை இனத்துக்கு எழுத்தாளர் எந்த விதியை வேண்டுமானாலும் எழுதலாம். உயிரோடு இருக்கும் மக்களின் பெயரை எடுத்துக்கொண்டால் அந்த உரிமை கிடையாது. இதில் நான் உங்கள் பக்கம்தான், ஐயா.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு 13 வயது. நானும் கணவரும் வேறு வேறு மதம். அவள் இந்த நாவல்களாகவே படிக்கிறாள். எதைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

அம்மா, நூலகத்தில் இளையோர் பிரிவை 22 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். தடுத்த புத்தகம் எப்படியும் படிக்கப்படும். நீங்களும் படியுங்கள், அதுவே போதும். 'ட்வைலைட்' வரிசையின் நான்காவது நாவலில் வரும் பிரசவக் காட்சி மிகவும் கொடூரமானது. அதை மட்டும் அவள் தனியாகப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்டேவியா பட்லரின் 'ஃப்ளெட்ஜ்லிங்' என்ற 2005-ஆம் ஆண்டு நாவலைப் பலர் பதின்வயதினருக்குச் சிபாரிசு செய்கிறார்கள். வேண்டாம். நாயகி ஷோரி பார்ப்பதற்குப் பத்து, பதினோரு வயதுச் சிறுமி போல இருப்பாள் என்பதால் குழப்பம் வருகிறது. அது பெரியவர்களுக்கான நாவல். சில பகுதிகள் பெரியவர்களையே சங்கடப்படுத்தும்.

நீங்கள் படியுங்கள். ஷோரிக்கு வயது 53. அவள் இனத்தில் அது இன்னும் சிறுவயது. வெளிறிய காட்டேரிக் குலத்தில் மனித மரபணுவும் சேர்த்து உருவாக்கப்பட்ட கறுப்புப் பெண். அந்தக் கருமைதான் பகலில் விழித்திருக்கும் ஆற்றலை அவளுக்குத் தருகிறது. அதே கலப்பைப் பொறுக்காதவர்கள்தான் அவள் குடும்பத்தை அழிக்கிறார்கள். தாக்குதலில் நினைவையெல்லாம் இழந்த ஷோரி, தன் குலத்தாரின் பழக்கங்களை விருந்தாளியைப் போல ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர்களின் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கிறாள். உங்கள் மகள் உங்கள் இருவரின் வழிபாட்டையும் பற்றிக் கேள்வி கேட்கும்போது, அவள் எந்த இடத்திலிருந்து கேட்கிறாள் என்பது உங்களுக்குப் புரியும்.

கேள்வி (வாசகி, வயது 17): என்னைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அதனால் அம்மா வழியை நான் சொல்வதில்லை. இது துரோகமா?

துரோகம் இல்லை. ரெனே அதியேயின் 'தி பியூட்டிஃபுல்' 2019-இல் வந்தது; கதை நடப்பது 1872-இல் நியூ ஆர்லியன்ஸில். பாரிஸிலிருந்து வரும் தையற்காரி செலீன், தாய்வழி ஆசிய வம்சத்தை மறைத்து வெள்ளைக்காரப் பெண்ணாக நடமாடுகிறாள். அந்த எழுத்தாளரின் தாய் கொரியர். காட்டேரிகள் நிறைந்த அந்த ஊரில் செலீனிடமும் ஒரு மறைவு இருக்கிறது. பயத்தில் மறைப்பவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் அம்மா இருக்கும் அறையிலும் நீ அதைச் சொல்லாமல் இருக்கிறாயா? அப்படியென்றால் இன்றிரவே அவரோடு பேசு.

கேள்வி (எழுத ஆசைப்படும் வாசகர்): இருவழிப் பிறப்புள்ள ஒரு பதின்வயதுக் காட்டேரியை வைத்து நாவல் எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் கணக்குப் போடுவதை விடுங்கள். பாதி, கால், எட்டில் ஒன்று என்று உங்கள் குறிப்பில் ஒரு பக்கம் முழுக்கப் பின்னங்களாக இருக்கின்றன. எந்தப் பிள்ளையும் காலையில் எழுந்ததும் தன்னைப் பின்னமாக உணர்வதில்லை. பசிக்கும்போது முழுதாகப் பசிக்கிறது.

காட்டேரி மரபிலேயே உங்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வாசற்படியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவர் அழைக்காமல் காட்டேரி முதன்முறை உள்ளே வர முடியாது என்பது 'டிராகுலா'வில் இருக்கும் விதி. இருவழிப் பிள்ளைக்கு இரண்டு பாட்டி வீடுகள் உண்டு. ஒரு வாசலில் "வா" என்ற சொல் உடனே வரும். இன்னொரு வாசலில் கதவு திறந்தே இருக்கும், அந்தச் சொல் மட்டும் வராது. பிள்ளை படியில் நிற்கும். ஓர் அத்தியாயம் முழுக்க அந்தப் படியிலேயே எழுதலாம். பிறகு கண்ணாடி. காட்டேரிக்குப் பிம்பம் இல்லை. தன் முகத்தில் யாருடைய மூக்கு, யாருடைய புருவம் என்று தேடும் வயதில் கண்ணாடி வெறுமையாக இருந்தால்? அவள் முகத்தை அவளுக்கு யார் சொல்வார்கள்? சொல்பவர் எந்தப் பக்கத்து ஆளோ, அந்தப் பக்கத்துச் சாயலைத்தான் சொல்வார்.

இரத்தத்தைப் பற்றியும் ஒன்று. 'டிராகுலா'வில் லூசிக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக இரத்தம் கொடுக்கிறார்கள். 1897-இல் அப்படி எழுத முடிந்தது; இரத்தப் பிரிவுகளைக் கார்ல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்து 1901-இல்தான் வெளியிட்டார். அவர் கண்ட பிரிவுகள் எதுவும் ஓர் இனத்துக்கு மட்டும் உரியது அல்ல. கூடப்பிறந்தவர்களுக்குள் சேராத இரத்தம், வேற்று இனத்து அந்நியர் ஒருவரோடு சேரலாம். "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று நாம் பழமொழி சொல்கிறோம். உங்கள் கதையில் அந்தச் சதை யாருக்காக ஆடுகிறது என்பதை இரத்தம் தீர்மானிக்கும்படி எழுதிவிடாதீர்கள். ஒருவேளை அவளுக்குச் சின்ன வயதில் தலைவாரிவிட்ட ஆளுக்காக ஆடலாம்.

கடைசி அத்தியாயத்தில் அவளை ஒரு பக்கமாகத் தள்ளி, மற்றப் பக்கத்தைச் சாகடித்து முடிக்கும் பழக்கம் இந்த வகை நாவல்களில் நிறைய. அதைச் செய்யாதீர்கள். மணிலாவில் பிறந்த உளவியலாளர் மரியா ரூட், இருவழிப் பிறந்தவர்களுக்கென்று ஓர் உரிமைப் பட்டியல் எழுதியிருக்கிறார். பெற்றோர் சொல்லும் அடையாளத்திலிருந்து மாறுபட உரிமை உண்டு, இடத்துக்கு இடம் வேறுவிதமாகச் சொல்லிக்கொள்ள உரிமை உண்டு, வாழ்நாளில் அதை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு, அதுவும் ஒரு முறைக்கு மேல் என்கிறார். நாவலுக்கு நீங்கள் தேடும் கட்டமைப்பு அந்தக் கடைசி உரிமையில் இருக்கிறது. பதினான்கு வயதில் ஒன்று, பதினாறில் வேறொன்று, பதினெட்டில் திரும்பவும் முதலாவது, ஆனால் வேறு காரணத்துக்காக.

கேள்வி (மாணவர், வயது 15): சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். இரண்டில் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது?

உன்னை யார் அப்படிக் கேட்டார்கள் என்று தெரிந்தால் நல்லது, தம்பி. கடிதத்தில் நீ அதை எழுதவில்லை.

வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகளில் ஒன்று உனக்குப் பொருந்தும். 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் அந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தைக் காட்டேரி என்றே தலைப்பில் எழுதினார். ஆகவே இந்தப் பக்கத்துக்கு அது அந்நியம் இல்லை. சாகும் தறுவாயில் ஒரு திருடன், பொன்னைக் கொடுத்து ஒரு பெண்ணை மனைவியாக்கிக்கொள்கிறான். அவளுக்கு ஓர் அந்தணன் மூலம் மகன் பிறக்கிறான். அந்தக் குழந்தையை ஓர் அரசன் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்து அரசனான மகன், தந்தைக்கு நீர்க்கடன் செய்ய ஆற்றங்கரைக்கு வருகிறான். நீரிலிருந்து மூன்று கைகள் எழுகின்றன. திருடனின் கை, அந்தணனின் கை, அரசனின் கை. யார் கையில் கொடுப்பது?

விக்கிரமாதித்தன் தீர்ப்புச் சொன்னான்: திருடன் கையில். அந்தணன் கூலி வாங்கினான், வளர்த்த அரசனுக்கும் பொன் கிடைத்தது, முறையாக மணந்தவன் திருடன்தான் என்றான். வேதாளம் மறுபடி மரம் ஏறிவிட்டது. சிறு வயதில் இதைக் கேட்டபோது தீர்ப்பு சரியா என்று யோசித்தேன். இப்போது அந்த மகனைத்தான் யோசிக்கிறேன். வேதாளம் கேட்டது, விக்கிரமாதித்தன் சொன்னான். அந்த மகனிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று கைகளையும் பார்த்துக்கொண்டு அவன் இன்னும் கரையில்தான் நிற்கிறான்.

அந்த மகன் என்ன செய்தான் என்று நீ எழுதி அனுப்பு. இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்றால் போடாமல் வெளியிடுகிறேன்.